மதகுப் பலகையும் ஒரு சாட்சியும்

என் கையில் மைக். எதிரே பரங்கிக்காய்.

அந்தப் பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் கோவிந்தராசு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். குழந்தையை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

எங்கள் சர்ச்சில் அன்று அறுப்பின் பண்டிகை. குறுவை அறுப்பு முடிந்த கையோடு வரும் பண்டிகை அது. நெல், வாழைத்தார், கரும்பு, கொல்லையில் காய்த்த சுரைக்காய், கோழி, முட்டை என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சர்ச்சுக்கு வராத குடும்பங்களும் ஏலத்துக்குத் தவறாமல் வந்துவிடும். கோவிந்தராசு அண்ணன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவர். ஆனால் எங்கள் பரங்கிக்காயை வருஷாவருஷம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஏலம் எடுத்தவரே பொருளைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்து, மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. அந்த வருஷம் ஒரு சேவல் அப்படி ஐந்து கை மாறியது. யார் வீட்டுச் சேவல் என்று அதற்கே குழப்பமாகி, கடைசியில் ஏலம் விட்டவரையே கொத்திவிட்டது.

ஏலத்துக்கும் பிரியாணிக்கும் நடுவில் சாட்சி நேரம். தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி சொல்வது என்போம். கொட்டகைக்குப் பின்னால் தம் போட்ட அண்டாவின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"சகோதரர் சாமுவேல் இப்ப தன்னோட சாட்சிய சொல்லுவாங்க" என்றார் போதகர். பிறகு என் பக்கம் குனிந்து, "சுருக்கமா" என்றார். மைக் அதையும் ஊருக்கே சொல்லிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். கோவிந்தராசு அண்ணன் பரங்கிக்காய்க்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

அகலமாகிக்கொண்டே போன ஆறு

எனக்குப் பேச்சு வராமல் போனது சாதாரண விஷயமில்லை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மன்னார்குடிக்குப் போகிற சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். புகைந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். என் சட்டையிலிருந்து வார்னிஷ் வாசனை போகாது. அதற்கு முன்னால் பல வருஷம் வேறொரு வாசனை போகாமல் இருந்தது. நான் பெருங்குடிகாரன்.

குடியை விட்ட பிறகு முதல்முறை சாட்சி சொன்னபோது மூன்றே வாக்கியம்தான் சொன்னேன். "குடிச்சேன். விட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தமுறை வேதாரண்யம் பக்கம் என் மச்சான் சபையில் சொல்லச் சொன்னார்கள். அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வெயிலில் களைத்து வந்திருந்தார்கள். பாவம், தூங்கிவிடப் போகிறார்களே என்று கொஞ்சம் சுவாரசியம் சேர்த்தேன். போதையில் தண்ணீரில் விழுந்து கிடந்தேன் என்றேன். அங்கங்கே "அல்லேலூயா" கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

அதற்கடுத்த கூட்டத்தில் அந்தத் தண்ணீர் வாய்க்கால் ஆனது. கூத்தாநல்லூர் பக்கம் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தில் வெண்ணாறு ஆனது. திருவாரூரிலிருந்து வேன் வைத்து அழைத்துப்போன அன்று காவிரியே ஆனது, அதுவும் வெள்ளக் காவிரி. எனக்குக் கிடைக்கிற ஸ்தோத்திரத்துக்குத் தகுந்தாற்போல் ஆறு அகலமாகிக்கொண்டே போனது.

திரும்பி வரும்போது என் மனைவி எஸ்தர் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க விழுந்தது நம்ம வீட்டுச் சாக்கடைல. தூக்குனது நானு. எனக்கு இன்னமும் முதுகு வலிக்குது."

"கேக்குறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்ல, எஸ்தரு" என்றேன்.

"அதுக்கு சாக்கடை போதும்" என்றாள்.

இந்தப் பத்திரிகையில் இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து அவள்தான் முதலில் படிக்கிறாள். போன வாரம் நான் எழுதிய ரயில்வே கேட் சம்பவத்தில் இரண்டு இடத்தில் பென்சிலால் 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தாள். ஆகவே இந்த வாரம் நீங்கள் படிப்பதெல்லாம் அவளுடைய பென்சிலைத் தாண்டி வந்தது.

இவ்வளவு பாவத்தையும் பெருக்கிப் பெருக்கிச் சொன்ன நான், ஒன்றை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அதில் ஆறும் கிடையாது, வெள்ளமும் கிடையாது. ஒரே ஒரு பலகைதான்.

படுக்கையான பலகை

எங்கள் ஊர் வாய்க்கால் மதகு பழைய மாதிரியானது. இரண்டு பக்கக் கல்லிலும் பள்ளம் வெட்டியிருக்கும். அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகித் தண்ணீரைத் தடுப்பார்கள். யாருக்கு முறையோ அதற்கேற்பப் பலகையைத் தூக்குவார்கள், போடுவார்கள். அந்தப் பொறுப்பை ஊரே கூடிக் கோவிந்தராசு அண்ணனிடம் கொடுத்திருந்தது. அதில் அவருக்கு ஒரு பெருமை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காலையும் மாலையும் மதகடிக்குப் போவார். தன் வயல் கடைமடையில் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தாலும், அடுத்தவன் முறையில் கை வைக்க மாட்டார்.

சம்பாவுக்கு நாற்று விடுகிற சமயம். எனக்குக் குடி முற்றியிருந்த காலம். மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வாய்க்கால் கரையில் போய்ப் படுத்துக்கொள்வேன். அன்றைக்கு முதல்நாள் பெய்த மழையில் கரை முழுக்கச் சேறு. படுக்க இடமில்லை. மதகின் மேல் பலகை மட்டும் அகலமாக, காய்ந்துபோய் இருந்தது.

நான் அதை உருவி எடுத்துக் கரையில் போட்டு அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நல்ல தூக்கம்.

விழித்தபோது தண்ணீர் மதகைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கீழே நாலைந்து வீட்டார் முளைகட்டிய விதையை அன்று காலையில்தான் நாற்றங்காலில் தெளித்திருந்தார்கள். வேர் பிடிக்கும் முன்னால் தண்ணீர் ஏறினால் விதை அப்படியே மிதந்து போய்விடும். போய்விட்டது. அந்த நேரத்திலாவது பலகையைத் திரும்பச் சொருகியிருக்கலாம். நான் பயந்துபோய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பலகையை உள்ளே போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலத் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் ஊரே மதகடியில் கூடியது. விதை போனவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள்.

"கடைமடைக்குத் தண்ணி எட்டலன்னு பலகைய எடுத்துட்டீங்களா?" என்று ஒருவர் கோவிந்தராசு அண்ணனைக் கேட்டார்.

"நான் எடுக்கலங்க" என்றார் அண்ணன். சுற்றிப் பார்த்தார். ஓரமாக நின்ற என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "மத்தியானம் சாமுவேலு இங்கதான் கெடந்தான். அவன கேளுங்க. அவன்தான் எனக்கு சாட்சி."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணன் தூக்குனத நான் பாத்தேன்" என்றேன்.

நாலே சொல். அண்ணன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சண்டை போடவில்லை. வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மதகுப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அண்ணனுக்குப் 'பலகை' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் பட்டப்பெயர் ஒட்டினால் லேசில் உரியாது. ரேஷன் கடை வரிசையில் "பலகைக்கு அப்புறம் நானு" என்பார்கள். அவர் மகள் கல்யாணத்தன்று பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் "பலகை வீட்டுக் கல்யாணம் எந்த மண்டபம்?" என்று என் கடையிலேயே வந்து கேட்டார். நான் வழி சொன்னேன்.

அந்தப் பலகை அப்போது என் கடைக்குள்தான் இருந்தது. நான்கு ஓட்டை போட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸைப் பொருத்தி, வேலை மேசையாக்கியிருந்தேன். அடையாளம் தெரியாமல் இருக்க மேலே ரெக்சின் ஒட்டியிருந்தேன். அண்ணன் தன் மோட்டார் புகைந்தால் பைக்கில் கட்டிக்கொண்டு, என் கடையைத் தாண்டி, மன்னார்குடிக்குக் கொண்டுபோவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஃபேன் காற்றுக்கு வந்தவன்

நான் திருந்தியது எப்படி என்பதற்கு மேடையில் ஒரு கதை உண்டு. அதில் வெளிச்சம் எல்லாம் வரும். எஸ்தரின் பென்சில் ஒத்துக்கொள்கிற கதை இதுதான்.

சர்ச் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஞானஸ்நானம் வாங்கிய சர்ச்தான், ஆனால் வாசலை மிதித்துப் பல வருஷமாகியிருந்தது. வாசனையோடுதான் போனேன். மோட்டாரைச் சரிசெய்து முடித்ததும் வியர்வை தாங்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

முன்னால் பாடகர் குழுப் பெண்கள் ஒரே பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. சுருதி விலகும், சிரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. தப்பாகப் பாடியவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் ஏனென்று தெரியாமல் அழுதேன். மறுபடி ஆரம்பிக்க எனக்கும் விடுவார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது.

குடி ஒரே நாளில் போகவில்லை. இரண்டுமுறை திரும்ப விழுந்தேன். இரண்டுமுறையும் போதகர் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் காபி குடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு விட்டது. அது கர்த்தருடைய தயவு என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் ஒரு தொந்தரவு இருந்தது. நற்கருணை ஆராதனையில் பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, வாசிப்பார்கள். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்கிற இடம் வந்ததும் எனக்கு இருமல் வந்துவிடும். மாதாமாதம் அதே இடத்தில் இருமல். எஸ்தர் முதலில் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அந்த இருமல் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். பலகை விஷயத்தைச் சொன்னேன். அவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். குடித்த நாளில்கூட அப்படி எழுந்ததில்லை.

மோட்டாரில் சில சுற்றுகள் குறைந்தாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் சூடாகிக்கொண்டே இருக்கும். நான் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைதட்டல்

இப்போது மைக்குக்குத் திரும்புகிறேன். நான் வெகுநேரம் பேசாமல் நின்றதில் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பெண்கள் வரிசையில் எஸ்தர் தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லுங்க என்று அர்த்தம்.

"மதகுப் பலகைய எடுத்தது நான்தான்" என்றேன். "கோவிந்தராசு அண்ணன் இல்ல. நான் பொய் சொன்னேன்."

எங்கோ பின்னால் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். போதகர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. வெள்ளக் காவிரிக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

கைதட்டல் ஓய்ந்து பார்த்தால் மூன்றாவது வரிசை நாற்காலியில் பரங்கிக்காய் மட்டும் இருந்தது. அண்ணன் போய்விட்டிருந்தார்.

அன்றைக்குப் பிரியாணி எனக்கு இறங்கவில்லை.

பரங்கிக்காயோடு போனேன்

மறுநாள் காலை பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு அவர் வயலுக்குப் போனேன். வரப்பில் நடக்கும்போது இரண்டுமுறை வழுக்கியது. அண்ணன் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"அண்ணே, காய விட்டுட்டு வந்துட்டீங்க."

"வை அங்க."

வைத்தேன். "அண்ணே, நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"கேட்டேன்" என்றார். இன்னும் நாலு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கு அது புதுசா? நான் எடுக்கல. அங்க கெடந்தது நீ ஒருத்தன். யாரு எடுத்துருப்பான்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுடுங்கண்ணே" என்றேன்.

"ஏலம் முடிஞ்சதும் மத்தவங்க கெளம்பிட்டாங்க. அங்க இருந்தது பூரா உங்க ஆளுங்க, சாமுவேலு. நீ என்ன சொன்னாலும் கை தட்டுவாங்க. போன வருஷம் ஆத்துல விழுந்தேன்னு சொன்ன, அதுக்கும் தட்டுனாங்க. நீ எந்த ஆத்துல விழுந்தன்னு எனக்குத் தெரியாதா?" மண்வெட்டியிலிருந்த சேற்றைக் காலால் வழித்தார். "நான் உன்ன சாட்சின்னு கூப்புட்டது சர்ச்சுல இல்ல. மதகடில. விதை போனவன் முன்னாடி. அங்க சொல்ல முடியுமா உன்னால?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். "விதை போனவங்க அடிச்சாலும் அடிப்பாங்க" என்றேன்.

"அடிச்சா வாங்கிக்குங்க" என்றாள். "அந்தப் பலகை எங்க?"

மதகடி

சம்பா முறை பிரிப்பதற்காக அந்த வாரமே ஊர்க்காரர்கள் மதகடியில் கூடினார்கள். கடையில் வைஸைக் கழற்றி, ரெக்சினைப் பிய்த்து, பலகையை வெளியே எடுத்தோம். அந்தக் காலத்துத் தேக்கு. என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. குடித்திருந்தபோது எப்படித் தூக்கினேனோ தெரியவில்லை. முன் முனையை நான் பிடித்தேன், பின் முனையை எஸ்தர் பிடித்தாள். சாலையில் போன பஸ்காரர் எங்களுக்காக ஓரம் கட்டினார்.

மதகடிக்குப் போய்ச் சேர்ந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. பலகையைக் கீழே வைத்தேன். 

முதல்முதல் சாட்சி சொன்ன அன்றைக்குப்போல மூன்றே வாக்கியம் சொன்னேன். "பலகைய எடுத்தது நான். படுக்குறதுக்கு எடுத்தேன். அண்ணன் மேல பொய் சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. "படுக்குறதுக்கா?" என்று ஒருவர் நம்பாமல் கேட்டார். ஆமாம் என்றேன். விதை போன ஒருவர் நல்ல வார்த்தை நாலு சொன்னார். அவற்றை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. வாங்கிக்கொண்டேன். இன்னொருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். எந்த ஆற்றையும் துணைக்கு அழைக்கவில்லை.

கோவிந்தராசு அண்ணன் கூட்டத்திலிருந்து வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பதிலாகப் போட்டிருந்த தென்னம்பலகை உளுத்துப்போயிருந்தது. அதை உருவிக் கரையில் எறிந்துவிட்டு, தேக்கை எடுத்துப் பள்ளத்தில் சொருகினார். சரியாக உட்கார்ந்தது. வைஸுக்காக நான் போட்டிருந்த நான்கு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சி அவர் முகத்திலேயே அடித்தது.

அப்போதுதான் ஊர் சிரித்தது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையிலிருந்து களிமண்ணை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். அந்தச் சம்பாவுக்கு முறை பார்க்கும் பொறுப்பை ஏற்கச் சொல்லி அவரையே கேட்டார்கள். ஒரு மாதம் யோசித்துச் சொல்கிறேன் என்று முறுக்கிக்கொண்டார். ஆனால் அன்று மாலையே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மதகடியில் நின்றதை எஸ்தர் பார்த்திருக்கிறாள்.

அடுத்த நற்கருணை ஆராதனையில் எனக்கு இருமல் வரவில்லை. எஸ்தர் பழக்கத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பிறகு அவளே குடித்துவிட்டாள்.

சில நாள் கழித்து என் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார். கோவிந்தராசு அண்ணன் கட்டை அவிழ்த்து மோட்டாரை உள்ளே கொண்டுவந்தார். வைக்க இடம் தேடினார். மேசை இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்க வைக்கிறது?" என்றார்.

"தரையிலயே வைங்கண்ணே. மேசைதான் மதகுக்குப் போயிடுச்சே."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியாது, மோட்டாரை வைக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டு, பைக்கில் ஏறி, சாவியைப் போட்டார். பிறகு எதிர்த்த டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காயில் பொகஞ்சிருக்கு. நாளன்னைக்கு வேணும், பாத்து வை. வரட்டா, பலகை?"